இரண்டு வருடம் கூடவே இருந்தவன் கில்டு பேங்கைக் காலி செய்துவிட்டுப் போனான்

#1 வேங்கைக்கொடி
திங்கள், இரவு 11:42

மூன்று வாரமாக யாரிடமும் சொல்லவில்லை. இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கில்டில் (சேர்ந்து ஆடுகிற குழு) 43 பேர். விளையாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏராளமானோர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடுகிற எந்த எம்எம்ஓவிலும் நடக்கக்கூடியதுதான். நான் தலைவன். துணைத் தலைவனாக இருந்தவன் இரண்டு வருடத்துக்கு முன் லெவல் 12இல் வந்து சேர்ந்தான். முதல் ரெய்டில் (கூட்டமாகச் சேர்ந்து பெரிய எதிரியை அடிக்கும் ஆட்டம்) எங்கே நிற்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கவைத்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆறே மாதத்தில் என்னைவிட நன்றாக ரெய்டு நடத்தினான். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்த வாரம் மூன்று ரெய்டையும் அவனே முடித்துக்கொடுத்து, கிடைத்த லூட்டையும் (பொருட்களையும்) சண்டையில்லாமல் பிரித்தான். அதற்கு அடுத்த வாரம் கில்டின் பொதுக் கிடங்கான பேங்கின் முழு அனுமதியைக் கொடுத்தேன்.

பேங்க் பதிவேட்டை அப்படியே சொல்கிறேன். அதிகாலை 3:07க்கு முதல் வரி: தங்கம் முழுவதும், ஒரே எடுப்பில். 3:09க்கு மருந்துப் புட்டிகள். பிறகு ஒரு நிமிடத்துக்கு நான்கைந்து வரி வீதம் தாதுக்கள், ரத்தினங்கள், ரெய்டு கவசங்கள். கடைசி வரி 3:26. கடைசியாக அவன் எடுத்தது, புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த லெவல் 10 வில்கள் ஆறு. அவற்றைச் சந்தையில் போட்டால் யாரும் சீந்தமாட்டார்கள். சேர்ந்த நாளில் அதே மாதிரி வில் ஒன்றைத்தான் அவன் கையில் நான் கொடுத்தேன்.

காலையில் பார்க்கும்போது டிஸ்கார்டிலிருந்தும் போயிருந்தான். எனக்கு மட்டும் ஒரு வரி அனுப்பியிருந்தான்: "விளையாட்டுதானே அண்ணா, மனசில வெச்சுக்காதீங்க."

சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன். தலைவர் கொடுத்த அனுமதிப்படிதான் பொருட்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன, எனவே திருப்பித் தர வழியில்லை என்று பதில் வந்தது.

இதில் எனக்குத் தூக்கம் கெட்டதற்குக் காரணம் வேறு. கில்டில் இருப்பவர்களிடம், பேங்கை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன், கொஞ்ச நாள் பூட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். 42 பேர் சேர்த்த பொருளை ஒருவன் நம்பவைத்துக் கழுத்தறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்வது, சொல்லுங்கள்.


#2 இடிமுழக்கம்
திங்கள், இரவு 11:58

வருத்தமாகத்தான் இருக்கிறது அண்ணா. ஆனால் சப்போர்ட் சொன்னது சரிதானே? ஹேக் செய்யவில்லை, பக் எதையும் பயன்படுத்தவில்லை. நீங்கள் கொடுத்த சாவியால் திறந்தான். விளையாட்டு அனுமதிக்கிற ஒன்றைச் செய்தால் அதுவும் விளையாட்டில் ஒரு நகர்வுதான். துரோகம் செய்ய முடியும் என்பதால்தானே கூட்டணிக்கு மதிப்பு இருக்கிறது.


#3 நெடுந்தூரன்
செவ்வாய், அதிகாலை 1:15

இடிமுழக்கம் தம்பி சொல்வதைத்தான் நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் பல வருடம் ஈவ் ஆன்லைன் ஆடியவன். 2003இல் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் கொண்டுவந்த விண்வெளி விளையாட்டு. அதில் ஏமாற்றுவதற்கும் உளவு பார்ப்பதற்கும் கூட இருந்தே குழி பறிப்பதற்கும் பெரும்பாலும் தடை கிடையாது. 2005 ஏப்ரலில் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிப்படைக் குழு ஒரு பெரிய கார்ப்பரேஷனை (அங்கே கில்டுக்கு அந்தப் பெயர்) காலி செய்தது. பல மாதங்களாக ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பி, உழைத்து, பதவி உயர்ந்து, தலைவியின் வலது கையாகவே ஒருவரை உட்காரவைத்தார்கள். ஒரே நாளில் எல்லாக் கிடங்குகளையும் சுருட்டினார்கள், தலைவியின் கப்பலையும் சுட்டு வீழ்த்தினார்கள். போன பொருளின் மதிப்பு அன்றைய கணக்கில் சுமார் 16,500 டாலர். 2009 பிப்ரவரியில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற மாபெரும் கூட்டணியை அதன் இயக்குநர்களில் ஒருவரே எதிரிப் பக்கம் சாய்ந்து கலைத்துவிட்டார். பல வருடக் கோட்டை, ஒருவர் கையிலிருந்த அனுமதியால் போயிற்று. சிசிபி இரண்டிலும் எதையும் திருப்பித் தரவில்லை.

அதே 2009இல் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். வீரர்களே நடத்திய ஈபேங்க் என்ற வங்கியின் தலைவர், வைப்பிலிருந்து சுமார் 20,000 கோடி ஐஎஸ்கே (ஈவின் பணம்) எடுத்து, உண்மைப் பணத்துக்கு விற்றுவிட்டார். வீட்டுக்கு முன்பணமும் மருத்துவச் செலவும் இருந்ததாகச் சொன்னார். அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. எதற்காக? வைப்பாளர்களை ஏமாற்றியதற்காக இல்லை. விளையாட்டுப் பணத்தை உண்மைப் பணமாக மாற்றியதற்காக. அங்கே கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று இதிலேயே தெரியும்.

சரி, இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? ஈவில் உள்ளே நுழையும்போதே எல்லோருக்கும் தெரியும், இங்கே யாரையும் நம்பாதே என்று. வாசலிலேயே எழுதி ஒட்டியது போல. அது தெரிந்து வந்தவர்களுக்குள் நடக்கிற துரோகம் ஒரு விதம். வேங்கைக்கொடியின் கில்டு அப்படியா? சேர்ந்து ரெய்டு அடிக்கிற இடம் அது. அனுமதிப் பட்டியலில் ஒரு பொத்தான் இருக்கிறது என்பதால் அதை அமுக்கி எல்லாவற்றையும் எடுக்கலாம் என்று 43 பேரும் ஒத்துக்கொண்டார்களா? கணிப்பொறி அனுமதிப்பதும் ஆட்கள் ஒத்துக்கொண்டதும் ஒன்றில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈவில் நானே ஒரு சின்னக் கார்ப்பரேஷனுக்குள் நான்கு மாதம் உளவாளியாக இருந்தேன். விதிப்படி தவறே இல்லை. கிடங்கைக் காலி செய்தேன், எங்கள் பக்கம் கொண்டாடினார்கள். அந்தக் கார்ப்பரேஷனில் ஒருவர் தினமும் ஆட்டத்தை விட்டுப் போகும்போது என் பெயரைச் சொல்லி "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். நான் காலி செய்த ராத்திரியும் சொல்லிவிட்டுத்தான் போனார். எடுத்த கப்பல்களில் ஒன்றுகூட இன்று ஞாபகம் இல்லை, அவர் குரல் இருக்கிறது.


#4 பூஜ்ஜியம்7
செவ்வாய், காலை 7:20

ஸ்கின் (விளையாட்டு ஆயுதங்களுக்கான அலங்காரத் தோற்றம்) வாங்கி விற்பவன் நான். ஏமாந்தவர்களுக்கு உதவுகிற ஒரு டிஸ்கார்டு குழுவிலும் இருக்கிறேன். கில்டு விஷயத்தில் அண்ணன்கள் பேசுங்கள். பொருட்களைக் கைமாற்றும் ட்ரேடில் நடக்கிறதை நான் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேயும் ஆயுதம் இதே நம்பிக்கைதான்.

பழைய முறைகள் எல்லோருக்கும் தெரியும். ட்ரேட் ஜன்னலில் நல்ல பொருளை வைத்து, ஏதோ சாக்குச் சொல்லி ரத்து செய்து, மறுபடி திறக்கும்போது அதே மாதிரி படமுள்ள மட்டமான பொருளை வைப்பது. ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டில் "உன் கவசத்துக்குத் தங்க ஓரம் போட்டுத் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு ஓடுவது. அப்படி ஓரம் போடுகிற வசதியே அந்த நாளில் அந்த விளையாட்டில் இருந்ததில்லை. காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று முதல் இரண்டு முறை உண்மையாகவே தந்துவிட்டு, மூன்றாம் முறை பெரிய தொகையோடு மறைவது.

இப்போது நடப்பது வேறு மாதிரி. ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அனுபவசாலிகளே இதில் விழுகிறார்கள்.

நண்பர் பட்டியலில் இருக்கும் ஒருவரிடமிருந்து செய்தி வரும். "டேய், பெரிய தப்பு பண்ணிட்டேன். ஒரு ஸ்கேமரை ரிப்போர்ட் செய்யப் போய் உன் ஐடியை ரிப்போர்ட் செய்துவிட்டேன். உன் கணக்கை முடக்கப் போகிறார்களாம். இந்த அதிகாரியிடம் உடனே பேசு." எழுதுவது உங்கள் நண்பர் இல்லை, அவர் கணக்கைத் திருடியவன். அந்த 'அதிகாரி' அவனுடைய இன்னொரு ஐடி. அவர் மரியாதையாகப் பேசுவார், வழக்கு எண் கொடுப்பார், நீங்கள் குற்றமற்றவர் என்று நிரூபிக்க மெயில் முகவரியை மாற்றச் சொல்வார், அல்லது திரையில் வரும் குறியீட்டைப் படிக்கச் சொல்வார். நடுவில் நண்பர் "மச்சான், எல்லாம் என்னால்தான், மன்னிச்சிரு" என்று எழுதிக்கொண்டே இருப்பார். அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டே நீங்கள் குறியீட்டைச் சொல்லிவிடுவீர்கள். விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தின் ஊழியர் யாரும் சாட்டில் வந்து உங்கள் கணக்கைப் பற்றிப் பேசமாட்டார், டிஸ்கார்டில் நிச்சயமாக வரமாட்டார். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று ஏபிஐ சாவி (உங்கள் கணக்கை வேறொரு நிரல் இயக்க உதவும் குறியீடு) மோசடி. ஏதோ போட்டிக்கு ஓட்டுப் போடு என்று ஒரு லிங்க், அதில் அசலைப் போலவே ஒரு லாகின் பக்கம். உள்ளே போனதும் உங்கள் பெயரில் ஒரு ஏபிஐ சாவியை உருவாக்கிவைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். வாரக்கணக்கில் எதுவும் நடக்காது. ஒருநாள் நீங்கள் உண்மையான ஆளுக்கு ஒரு ஸ்கின்னை அனுப்பும்போது அந்த ஆஃபரை ரத்து செய்துவிட்டு, அதே பெயர், அதே படம் வைத்த வேறொரு கணக்கிலிருந்து அதே ஆஃபர் வரும். போனில் உறுதிசெய் என்று கேட்கும், நீங்கள் உறுதிசெய்வீர்கள். எதிராளியின் கணக்கு எப்போது தொடங்கியது, அவருடைய லெவல் என்ன என்று அந்த உறுதிசெய்யும் திரையிலேயே பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாம். கவுண்டர்ஸ்ட்ரைக் பொருட்களுக்கு 2025 ஜூலையிலிருந்து 7 நாளுக்குள் ட்ரேடைத் திரும்பப் பெறும் வசதியை, ஸ்டீமை நடத்தும் வால்வ் கொண்டுவந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் போனதே தெரியாமல் 8ஆம் நாள் விழித்தால் பயனில்லை.


#5 கூர்வாள்
செவ்வாய், காலை 9:03

எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை. பேராசை பெருநஷ்டம். ஆசைப்படாதவனை யாரும் ஏமாற்ற முடியாது.


#6 பூஜ்ஜியம்7
செவ்வாய், காலை 9:31

இல்லை கூர்வாள். இதைச் சொல்லிச் சொல்லியே ஏமாந்தவர்களின் வாயை நாம் அடைத்துவைத்திருக்கிறோம்.

போன மாதம் எங்கள் குழுவுக்கு வந்த மூன்று பேரைச் சொல்கிறேன். ஒருவர் நான் மேலே சொன்ன ரிப்போர்ட் மோசடியில் போனவர், அவருக்கு இருந்தது பயம். இன்னொருவர், கணக்கு முடங்கிவிட்டது, ஒரே ஒரு ரெய்டுக்கு உங்கள் ஐடி கொடுங்கள் என்று அழுத நண்பனுக்கு இரக்கப்பட்டவர். மூன்றாவது ஆள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அவசரமாக ஓர் ஆஃபரைப் பார்க்காமல் உறுதிசெய்தவர். இதில் பேராசை எங்கே? வேங்கைக்கொடி எதற்கு ஆசைப்பட்டார்? காய்ச்சலில் படுத்திருந்தபோது வேலையைப் பார்த்துக்கொண்ட ஒருவனுக்குப் பொறுப்புக் கொடுத்தார்.

மூன்று பேரும் எங்களிடம் வந்து முதலில் சொன்ன வாக்கியம் ஒன்றேதான்: "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்." அந்த வெட்கம் இருக்கிற வரை, அதே ஐடிக்காரன் அடுத்த ஆளிடம் நிம்மதியாகப் போகிறான்.


#7 தாழம்பூ
செவ்வாய், மாலை 6:47

பேசலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பொருள் போவது மட்டும் இல்லை, ஆளே போய்விடுவதும் உண்டு.

நான் ஒரு ஷூட்டர் விளையாட்டில் நான்கு வருடம் ஐந்து பேர் அணியில் ஆடினேன். எங்கள் ஐந்து பேருக்குள் பிரச்சினையே வந்ததில்லை. தெரியாதவர்களோடு சேர்ந்து ஆடும் பொது லாபியில் நான் வாய் திறந்த அந்த நொடியில்தான் ஆரம்பிக்கும். "இடது பக்கம் இரண்டு பேர்" என்று சொன்னதற்கு ஒருவன் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஆட்டம் முடியும் வரை நிறுத்தவில்லை. எனக்கு அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது என் அணிக்காரர்கள் நான்கு பேரின் மைக். நால்வரும் ஆன்லைனில் இருந்தார்கள். ஒருவர்கூட "நிறுத்துடா" என்று சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் தனித்தனியாக வந்து "அவன் பைத்தியம், விடு" என்றார்கள். தனித்தனியாக.

ஹேலோ 3 விளையாட்டில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2013இல் வந்தது. முன்பே பதிவுசெய்த ஒரே வாக்கியங்களை ஒருமுறை ஆண் குரலிலும் ஒருமுறை பெண் குரலிலும் ஒலிக்கவிட்டு, சிலமுறை குரலே இல்லாமலும் ஆடினார்கள். ஆண் குரலுக்கோ குரலே இல்லாததற்கோ வந்ததைப்போல மூன்று மடங்கு மோசமான பேச்சு பெண் குரலுக்கு வந்தது. சொன்ன வார்த்தைகள் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். ஆட்டம் சரியில்லாததால் திட்டுகிறோம் என்று சொல்பவர்களுக்கு அதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

ஆனால் லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ரயட் நிறுவனம் பார்த்ததும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எப்போதும் நஞ்சாகவே இருக்கிற வீரர்கள் சுமார் 1 சதவீதம்தான். மொத்த மோசமான நடத்தையில் அவர்கள் பங்கு சுமார் 5 சதவீதம். மீதியெல்லாம் மற்ற நாள் ஒழுங்காக இருந்து, ஒரு கெட்ட நாளில் வாயை விடுகிற சாதாரண ஆட்களிடமிருந்து வருவது. எதிரணியோடு பேசும் சாட்டை, வேண்டுமானால் நீங்களே திறந்துகொள்ளுங்கள் என்று இயல்பில் மூடிவைத்தபோது, ஒரே வாரத்தில் மோசமான பேச்சு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கிட்டத்தட்ட அதே அளவு பேர் சாட்டைத் திறந்து பயன்படுத்தத்தான் செய்தார்கள். நடுவில் ஒரே ஒரு கிளிக் தூரம் வந்தது, அவ்வளவுதான்.

அந்த நான்கு பேரில் யாரும் அந்த 1 சதவீதம் இல்லை. நல்ல பிள்ளைகள். அதனால்தான் அந்த அணியிலிருந்து வெளியே வந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போதும் ஆடுகிறேன், மைக்கை அணைத்துவிட்டு.


#8 இடிமுழக்கம்
செவ்வாய், இரவு 8:10

தாழம்பூ அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நானும் அந்த மாதிரி லாபிகளில் சும்மா இருந்திருக்கிறேன். தப்புதான்.

நெடுந்தூரன் அண்ணா சொன்னதையும் யோசித்தேன். அனுமதிப் பொத்தான் வேறு, ஆட்கள் ஒத்துக்கொண்டது வேறு என்பதை ஏற்கிறேன். ஆனால் அப்படியானால் எல்லாத் துரோகத்தையும் நிறுவனமே தடுத்துவிட வேண்டும் என்கிறீர்களா? நடுவில் ஒளிந்திருக்கும் பொய்யரைக் கண்டுபிடிக்கும் அமாங் அஸ் மாதிரி விளையாட்டே அப்புறம் இருக்காதே.


#9 எரிமலை
செவ்வாய், இரவு 8:22

[நடத்துநரால் நீக்கப்பட்டது]


#10 கல்வெட்டு (நடத்துநர்)
செவ்வாய், இரவு 8:40

எரிமலை இட்ட பதிவை நீக்கியிருக்கிறேன். அந்தத் துணைத் தலைவனின் உண்மைப் பெயரையும் போன் எண்ணையும் தேடிக் கண்டுபிடித்துப் போடலாம் என்று எழுதியிருந்தார். கோபம் புரிகிறது. இங்கே அது நடக்காது.

ஏன் என்று ஒருமுறை விளக்கமாகவே சொல்கிறேன். 2017 டிசம்பரில் அமெரிக்காவின் விச்சிட்டா நகரில், கால் ஆஃப் டியூட்டி ஆட்டத்தில் 1.50 டாலர் பந்தயம் தொடர்பாக இரண்டு பேருக்குள் தகராறு. ஒருவன் தன்னுடைய பழைய முகவரியைக் கொடுத்து, முடிந்தால் வா என்றான். இன்னொருவன் மூன்றாம் ஆளை வைத்துப் போலீசுக்குப் போன் போட்டு, அந்த வீட்டில் கொலை நடந்திருக்கிறது, ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லவைத்தான். வாசலுக்கு வந்த ஆளைப் போலீஸ் சுட்டது. இறந்தவருக்கு அந்த ஆட்டத்தோடும் தகராறோடும் எந்தச் சம்பந்தமும் இல்லை. போன் செய்தவனுக்கு 2019இல் 20 ஆண்டு சிறை கிடைத்தது. ஒருவருடைய முகவரியைப் பொதுவில் வைத்த பிறகு அது யார் கையில் போகும் என்பது நம் கையில் இல்லை. நாம் தேடிப் பிடித்த பெயர் தவறான ஆளுடையதாகவும் இருக்கலாம்.

அவனுடைய விளையாட்டுப் பெயரை அதே சர்வரின் மற்ற கில்டுத் தலைவர்களிடம் பதிவேட்டுப் படங்களோடு சொல்வது வேறு. அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

இடிமுழக்கம் கேட்டதற்கு வருகிறேன். எல்லாவற்றையும் மூடிப் பார்த்த வரலாறும் இருக்கிறது. ரூன்ஸ்கேப்பில் 2007 டிசம்பரில் ஜாகெக்ஸ் நிறுவனம், திருட்டுக் கிரெடிட் கார்டுகளை வைத்துத் தங்கம் விற்கும் கூட்டத்தை ஒழிக்கச் சுதந்திர வணிகத்தையே நிறுத்தியது. சமமதிப்பு இல்லாத ட்ரேட் கிட்டத்தட்ட முடியாது என்றானது. அதோடு ஏமாற்றும் குறைந்தது, நண்பனுக்கு ஒரு வாளைச் சும்மா கொடுப்பதும் போனது. வீரர்கள் கூட்டம் கூட்டமாக எதிர்ப்புக் காட்டினார்கள். 2011 பிப்ரவரியில் பழையபடி திறந்துவிட்டார்கள். அல்டிமா ஆன்லைனில் 2000இல் உலகத்தையே இரண்டாகப் பிரித்தார்கள்: ஃபெலுக்காவில் யாரும் யாரையும் கொல்லலாம், டிராமலில் ஒப்புதல் இல்லாமல் முடியாது. பெரும்பாலானோர் டிராமலுக்குத்தான் போனார்கள். எனக்கு அந்தப் பிரிப்பு பிடிக்கும். ஆபத்து வேண்டும் என்பவர் தெரிந்தே அந்தப் பக்கம் போகிறார்.

அமாங் அஸில் ஒரு சுற்று முடிந்ததும் யார் பொய் சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். சிரித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அங்கே துரோகம் ஒரு வேடம், பத்து நிமிடத்தில் கழற்றிவைத்துவிடலாம். இரண்டு வருடம் 'அண்ணா' என்று கூப்பிட்டவன் எந்தச் சுற்றை ஆடினான் என்று வேங்கைக்கொடிக்கு யாரும் சொல்லவே இல்லையே.


#11 வேங்கைக்கொடி
செவ்வாய், இரவு 11:05

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பூஜ்ஜியம்7 எழுதிய "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்ற வரி என் வாயிலிருந்து வந்தது மாதிரியே இருந்தது. அவன் திருடியது ஒரு ராத்திரி. அதை மூடிவைத்து மூன்று வாரமாக 42 பேரிடம் பொய் சொல்லிக்கொண்டிருப்பது நான்.

வெள்ளிக்கிழமை ரெய்டுக்கு முன் வாய்ஸ் சேனலில் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டின் படத்தையும் போடுகிறேன். போகிறவர்கள் போகட்டும்.

பேங்கை இனி எப்படி வைப்பது என்று யாராவது சொல்ல முடியுமா?


#12 நெடுந்தூரன்
புதன், காலை 6:50

நல்ல முடிவு. பேங்குக்கு நான் செய்வது இதுதான்: யாருக்கும், உங்களுக்கும் சேர்த்து, ஒரு நாளைக்கு எடுக்கும் அளவுக்கு உச்சவரம்பு வையுங்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் தட்டு வாரியாக அனுமதி பிரிக்கலாம். ரெய்டு கவசங்கள் ஒரு தட்டு, அதைத் திறப்பவரும் தங்கத்தைத் திறப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். புதியவர்களுக்கான பொருட்களை எல்லோருக்கும் திறந்தே வைத்துவிடுங்கள். பதிவேட்டைப் பார்க்கும் அனுமதியை 43 பேருக்கும் கொடுங்கள், அது ரொம்ப முக்கியம். இதெல்லாம் ஆளைச் சந்தேகிப்பது என்று யாராவது வருத்தப்பட்டால், பொறுப்பில் இருக்கும் நல்லவன்மேல் நாளைக்குப் பழி விழாமல் இருக்கவும் இதுதான் வழி என்று சொல்லுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, எழுதி வைத்துப் போடு என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.


#13 வேங்கைக்கொடி
சனி, அதிகாலை 12:38

சொல்லிவிட்டேன்.

31 பேர் சேனலில் இருந்தார்கள். பேசி முடித்ததும் யாரும் எதுவும் சொல்லவில்லை. யாருடைய மின்விசிறியோ ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கால் நிமிடம் இருக்கும், எனக்கு ரொம்ப நேரமாகத் தெரிந்தது.

பிறகு ஒருவர், "அண்ணா, என்கிட்டயும் வாங்கிட்டுப் போயிருக்கான்" என்றார். அவர் முடிப்பதற்குள் இன்னொருவர். கடைசியில் நான்கு பேர். ஒருவரிடம் தங்கம், இருவரிடம் ரத்தினம், ஒருவரிடம் கவசம். முதல் ஆளிடம் வாங்கியது பதினொரு மாதத்துக்கு முன்னால்! நான்கு பேரும் தான் ஒருவர்தான் ஏமாந்தோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். முதல் ஆள் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் நான் அவனுக்குப் பேங்கின் சாவியைக் கொடுத்தே இருக்கமாட்டேன். அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லலாம் என்ற தைரியத்தை நான் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை.

இரண்டு பேர் கில்டை விட்டுப் போனார்கள். ரெய்டு நடக்கவில்லை, இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தோம்.


#14 தாழம்பூ
சனி, காலை 8:15

அந்த நான்கு பேரையும் இந்த இழையைப் படிக்கச் சொல்லுங்கள்.


#15 மழைத்தூறல் (புதிய உறுப்பினர்)
சனி, இரவு 9:52

வணக்கம். அந்த நான்கு பேரில் கவசம் கொடுத்தவன் நான். அண்ணா லிங்க் அனுப்பினார், படித்துவிட்டுக் கணக்குத் தொடங்கினேன். நேற்று எல்லோர் முன்னாலும் முழுசாகச் சொல்லவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன், ஒரே ஒரு ரெய்டுக்கு என்று கேட்டு வாங்கினான். ஏழு வாரம் ரெய்டில் அதே பெரிய எதிரியை அடித்து எனக்கு விழுந்த கவசம் அது. அடுத்த நாள் திருப்பிக் கேட்டேன். "தலைவர் பேங்கில் போடச் சொல்லிட்டார், நான் என்ன செய்ய, நீ வேணும்னா அவரையே கேட்டுக்கோ" என்றான்.

நான் கேட்கவில்லை. தலைவரிடம் போய் என் கவசத்தை ஏன் எடுத்தீர்கள் என்று எப்படிக் கேட்பது? இந்த எட்டு மாதமும், அண்ணா, நீங்கள்தான் எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைத்துத்தான் உங்களோடு ரெய்டு ஆடினேன். வாய்ஸில் நீங்கள் கூப்பிட்டால் சில நேரம் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்திருக்கிறேன். உங்களுக்கு அது ஏன் என்று தெரிந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை ரெய்டுக்கு வருகிறேன். கவசம் பழையதுதான் இருக்கிறது, அடி தாங்காது. பின்வரிசையில் நிறுத்துங்கள்.